மதகடியில் உட்காராதவள்

"நீ வர வேண்டாம்மா. அப்பா வந்தா போதும்," என்றாள் மகள்.

பெட்டியைப் பூட்டிக்கொண்டே சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அம்மா தானும் போகப்போவதாக நினைத்து முந்தின நாள் துவைத்து மடித்து வைத்த தன் துணிகள் பெட்டிக்கு வெளியே, கட்டில்மேல் கிடந்தன.

ஏரிக்கரையில் வாடகைக்கு ஒரு வீடு, பத்து நாள். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் மகளுக்குக் கம்ப்யூட்டரில் ஆபீஸ் வேலை இருக்கிறது. அந்த நேரத்தில் அவளுடைய இரண்டு வாண்டுகளையும் தாத்தா கரையில் வைத்துக்கொண்டு கதை சொல்வாராம்!

"எங்களுக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்கப்பா! அந்தக் கோடை ராத்திரியெல்லாம் இப்பவும் கண்ணுக்குள்ளயே நிக்குது. பாய்ல படுத்துக்கிட்டு, தண்ணி சத்தத்தக் கேட்டுக்கிட்டு... நானும் தம்பியும் உங்களுக்கு ரெண்டு பக்கமும். ஒரு நிமிஷம் எங்கள விட்டுட்டு நீங்க எழுந்திருச்சதில்ல!"

"பிள்ளைங்கன்னா எனக்கு உசிரும்மா," என்றார் அப்பா. கூச்சமே இல்லாமல் சொன்னார்.

"அம்மா பக்கத்துல உக்காந்ததா ஞாபகமே இல்ல. டார்ச்சத் தூக்கிக்கிட்டு எங்கயாவது போயிடும். தம்பி அப்பிடி அழுவான்... திரும்பிக்கூடப் பாக்காது."

"அண்ணிக்கு எப்பவுமே கால் ஒரு இடத்துல நிக்காது," என்று நாத்தனார் எடுத்துக் கொடுத்தாள். இருபது வருஷமாக இந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஒரு தட்டைக்கூடக் கழுவாத மகராசி!

அம்மா கணவரைப் பார்த்தாள். அவர் பேப்பரை முகத்துக்கு உயர்த்திக்கொண்டார். இந்த மனிதரையா இத்தனை வருஷம் கட்டிக் காத்தோம்!

ஏரியின் நீர்மட்டத்தைப் பார்ப்பதுதான் அந்த நாளில் அவருடைய உத்தியோகம். கோடையில் தண்ணீர் இறங்கும்போது ராத்திரியிலும் மணிக்கு ஒரு தடவை மதகடிக்குப் போய், கல்லில் செதுக்கியிருக்கும் அளவைப் படித்து நோட்டில் எழுத வேண்டும். அவருக்கோ மாலைக்கண். இருட்டினால் எதிரில் நிற்பது ஆளா, மரமா என்று தெரியாது. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிள்ளைகளை வீட்டில் தனியாக விட முடியுமா? அவர்களையும் கூட்டிக்கொண்டு கோடை முழுக்க அவள் போனாள். வழுக்குப் படியில் இறங்கி அளவைப் பார்த்தவள் அவள்தான். நோட்டில் இருப்பதெல்லாம் அவள் எழுத்துதான். சின்னவன் அழும்போது திரும்பிப் பார்த்தால் மேற்கொண்டு போக மனசு வராது. அதனால்தான் திரும்ப மாட்டாள்.

போய்விட்டு வரும்போது இரண்டும் தூங்கியிருக்கும். அடுத்த மணி வரைக்கும் அவர்கள் காலடியில் உட்கார்ந்து, மணல் ஒட்டிய பிஞ்சுப் பாதங்களைத் துடைத்துவிட்டுக்கொண்டிருப்பாள். அந்த ஏரிக்காற்றும் அந்தப் பாதங்களும்தான் அவளுடைய மொத்தச் சந்தோஷம். தூங்கினவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

எழுந்திருக்கவே இல்லையாம், பாசமாம்! எழுந்திருந்தால் தண்ணீரில் விழுந்திருப்பார். ரிட்டயராகி ஆறு வருஷமாகிறது. இப்போது வேலை போகாது, மானம் போய்விடுமாம். பொழுது சாய்ந்தால் நாற்காலியை விட்டு அசையாமல், தண்ணி கொண்டா, தட்டு கொண்டா என்று அதட்டுவார். அதைக் கம்பீரம் என்று வீடே பெருமைப்பட்டுக்கொண்டது.

அவளைத் திட்டட்டும், தொலையட்டும். ஆனால் இரண்டு பச்சைப் பிள்ளைகளை, இருட்டில், தண்ணீர் ஓரத்தில், இவரை நம்பியா...!

"என்னங்க, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"என்னத்தச் சொல்றது? போய் வேலையப் பாரு!"

அவள் பேத்தியைக் கூப்பிட்டு, ஜன்னல் இல்லாத சாமான் அறையில் நிற்கச் சொன்னாள்.

"தாத்தா வந்து புடிப்பாரு பாரு! போங்க... குழந்தை காத்திருக்கு."

"லைட்டப் போடு."

"எதுக்கு? ஏரிக்கரையில யாரு லைட்டு போடுவா? போங்க!"

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் உள்ளே போனார். இரும்புப் பெட்டியில் முட்டியை இடித்துக்கொண்டார். கையை முன்னால் நீட்டித் துழாவினார். ஒரு முழம் தள்ளி நின்ற குழந்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அவர் தடவித் தடவி, சுருட்டி நிறுத்தியிருந்த மெத்தையை இறுகக் கட்டிப்பிடித்தார்.

"புடிச்சிட்டேன்!"

"தாத்தா... அது மெத்தை!"

நாத்தனார் கெக்கெக்கென்று சிரித்தாள். கதவோரம் நின்ற மகளும் சிரித்தாள்... பாதியில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

"அப்பா... உங்க முன்னாடிதான நிக்கிறா! தெரியலயா?"



"இங்க தரையில நிக்கிறா. அங்க தண்ணியோரமா நிப்பா," என்றாள் அம்மா.

"எத்தனை வருஷமாப்பா இப்பிடி?"

"கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்தே..." மெத்தையை விடாமலே சொன்னார். "அப்பல்லாம் அளவு பாத்தது... உங்கம்மாதான்."

மகள் அப்படியே அம்மாவைக் கட்டிக்கொண்டு விம்மினாள். "என்னல்லாம் பேசிட்டேன்... ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல? தம்பிகூட இன்னிக்கு வரைக்கும் உன்னத்தானே கொறை சொல்றான்...!"

"அவனுக்கு நீயே போன் போட்டுச் சொல்லு. என் வாயால சொல்ல மாட்டேன்." குரலில் கடுப்பு குறையவில்லை. ஆனால் கை மட்டும் மகளின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டில்மேல் கிடந்த அம்மாவின் துணிகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கினாள்.

கார் கிளம்பும்போது, வீட்டிலேயே தங்கிவிட்ட அவர் வழியனுப்ப வாசலுக்கு வந்தார். "எல்லார் முன்னாடியும் என்னைக் குருடனாக்கிட்டியே!"

"கண்ணு தெரியாதத நான் ஒருநாளும் குத்தமா நெனைச்சதில்ல. பெத்த பொண்ணு என்னைப் பேசறப்ப, பேப்பருக்குப் பின்னாடி ஒளிஞ்சீங்க பாருங்க... அதுக்கு எந்த டாக்டரும் மருந்து தர மாட்டாரு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சின்னக் குரலில் கேட்டார்:

"எப்ப வருவே?"

"பத்து ராத்திரி கழிச்சு," என்று சொல்லிவிட்டு, கார்க் கதவைச் சாத்தினாள்.