ஒன்பது காரணங்கள்

நேர்காணல் அறையில் இருந்தவர்கள் நால்வர். மேசையின் வடக்கே, சுவரோடு பதித்த இருக்கையில் இயந்திர ஆசிரியை. எதிரே, தரை எட்டாத கால்களை ஆட்டிக்கொண்டு மூன்றரை வயதுப் பொன்னி. அவளுக்கு வலப்பக்கம் அம்மா செங்கமலம். இடப்பக்கம் அப்பா அருள்வாசகம், மடியில் கோப்புடன்.

"ஒளியின் வேகம் என்ன?" என்று கேட்டது ஆசிரியை.

"தெரியாது," என்றாள் பொன்னி.

அருள்வாசகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

செவ்வாய்க் கோளில் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பிடரியில் 'அறிவுவித்து' என்னும் சில்லைப் பதிப்பது வழக்கம். எதைக் கேட்டாலும் நாக்கில் பதில் வந்து நிற்கும். வித்தில் இல்லாததைக் கேட்டாலும் எதையாவது சொல்லும். இரண்டாண்டுக்கு முன் ஒரு பிள்ளை, யாரையும் கேட்காமல், எல்லாம் தெரிந்த தெம்பில் காற்றடைப்பு அறையின் வெளிக்கதவைத் திறந்துவிட்டது. உள்கதவு மூடியிருந்ததால் ஊர் பிழைத்தது. அன்றிலிருந்து 'தெரியாது' என்று சொல்லத் தெரிந்தால்தான் மழலையர் பள்ளியில் இடம். குடியிருப்புக்கு இருப்பதோ ஒரே பள்ளி. நான்கு வயது தாண்டினால் அதுவும் இல்லை.

விடுவார்களா நம்மவர்கள்? தெருவுக்குத் தெரு 'தெரியாது' டியூஷன் முளைத்தது. ஆறு மாதமாகப் பொன்னிக்குக் காலையில் டியூஷன், மாலையில் அப்பாவிடம் ஒப்பித்தல்.

"ரெண்டும் ரெண்டும்?"

"நாலு."

"அடி ராசாத்தி, தெரியாதுன்னு சொல்லுடி!"

அருள்வாசகம் தலையில் அடித்துக்கொள்ளாத நாளில்லை.

ஆசிரியை இப்போது பெற்றோர் பக்கம் திரும்பியது. "உங்கள் மகள் இந்த நிமிடம் என்ன நினைக்கிறாள்?"

"தெரியலீங்க. கேட்டுச் சொல்றேன்," என்றாள் செங்கமலம்.

"பள்ளிக்கூடம் போகணும்னு நினைக்கிறா," என்றார் அருள்வாசகம் முந்திக்கொண்டு.

"பசிக்குது," என்றாள் பொன்னி.

"எதைக் கண்டால் அவளுக்குப் பயம்?"

"எம் பொண்ணுக்குப் பயமே கிடையாதுங்க," என்றார் அருள்வாசகம்.

பொன்னி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். அவரிடம் மொத்தம் பதினொரு கேள்விகள். பதினொன்றுக்கும் பதில் சொன்னார்.

மறுநாள் காலை கடிதம் வந்தது. 'குழந்தை தேர்ச்சி. தாய் தேர்ச்சி. தந்தை தேறவில்லை. மூவரும் தேறினால்தான் இடம். ஏன் என்று தெரியுமா? மாலைக்குள் கைப்பட எழுதி அனுப்பவும். இதுவே கடைசி வாய்ப்பு.'

"என்கிட்டயே கேக்குறாங்க பாரு கேள்வி!" என்று எகிறினார் அருள்வாசகம்.

"ஏங்க, ஒரே வார்த்தை. ஆறு மாசமா பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த அதே வார்த்தை. எழுதிப் போடுங்க."

"சும்மா இரு. பூமியில பன்னெண்டு வருசம் ஊருக்கே மனு எழுதிக் கொடுத்த கை இது. எனக்கா தெரியாது?"

தாளில் ஓரக்கோடு போட்டார். அனுப்புநர், பெறுநர், பொருள். தாம் தேறாததற்குக் காரணங்கள் ஒன்பது. நான்காவதற்கு மட்டும் அ, ஆ, இ என மூன்று உட்பிரிவுகள்.

பொன்னி மேசையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "உன்னை ஏம்ப்பா வேணாம்னாங்க? எனக்குத் தெரியல. உனக்குத் தெரியுமா?"

"தெரியாமலா நாலு பக்கம் எழுதியிருக்கேன்?"

செங்கமலம் எழுந்து வந்து அவருடைய பிடரியைத் தடவிப் பார்த்தாள். பூமியில் பிறந்த பிடரி, தழும்புகூட இல்லை. "உங்களுக்குத்தான் வித்தே வைக்கலியே," என்றாள். "அப்புறம் எப்படிங்க?"

அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. சொல்லிக்கொண்டே தாளை மடித்து, உறையிலிட்டு, ஓரம் பிரியாமல் ஒட்டி, முத்திரை குத்தி, சுவரிலிருந்த அஞ்சல் குழாயில் போட்டார். உஸ்ஸென்று உறிஞ்சிக்கொண்டு போயிற்று கடிதம்.