உள்வரிசை

காலையில் எழுந்ததிலிருந்தே அவள் வாயில் வேறொருவர் வாயின் ருசி இருந்தது. கிராம்பும், ஆறிப்போன சிகரெட்டும், அதை மறைக்கப் போட்டுக்கொண்ட மிட்டாயின் தித்திப்பும் கலந்த ஒரு வழுவழுப்பு. ஈறு எரிய எரியப் பல் தேய்த்தாள். போகவில்லை. கணவனின் வாய். அதை அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனிடமிருந்து தப்பித்து, தனியாக வீடு பிடித்து, தனக்கென்று ஒரு தலையணை வாங்கிக்கொள்ளும் அளவுக்கு அவள் முன்னேறியிருந்தாள்.

பல் மருத்துவமனையின் பின்னறையில் செயற்கைப் பல் செய்வது அவள் வேலை. ஊரார் வாய்க்கெல்லாம் பல் கட்டிக் கொடுக்கிறவள், தூக்கத்தில் தன் பல்லையே நறநறவென்று அரைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"அவனோட இருந்தப்ப அடக்கி வெச்சதெல்லாம் இப்ப அரைபடுதும்மா. அச்செடுத்து உனக்கே ஒரு பல் உறை செஞ்சு ராத்திரி மாட்டிக்கோ," என்றார் டாக்டரம்மா.

மாலையில் எல்லோரும் கிளம்பியபின் அச்சுமாவைக் குழைக்க எடுத்தாள். அக்காவிடமிருந்து போன்.

"நாளைக்கு உன் புருஷன் ஆளுங்களோட வரான்டி. திரும்பி வரேன்னு நீயே சொன்னியாம், ஊர் பூரா சொல்லிட்டுத் திரியறான்."

"நான் சொல்லலக்கா."

"தெரியும். அதை அவங்க முன்னாடி சொல்லு. வரமாட்டேன்னு ஒரே வார்த்தை. மத்ததை நான் பார்த்துக்கறேன். அவனைப் பார்த்ததும் வாயை வாடகைக்கு விட்டுடாத."

அவள் சிரித்தாள். சிரித்தபின் பயந்தாள். கூட இருந்தவரை அவள் தொடங்கிய பேச்சையெல்லாம் அவன்தான் முடிப்பான். 'நீ அப்படிச் சொல்லவே இல்ல, மக்கு' என்று செல்லமாகக் கன்னத்தைக் கிள்ளுவான். கடைசியில் தான் என்ன சொன்னோம் என்பதையே அவனைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலைக்கு வந்திருந்தாள்.

அச்செடுக்கும் ட்ரேயில் மாவை நிரப்பி வாய்க்குள் அழுத்தினாள். குளிர்ந்த மாவு அண்ணத்தில் அப்பி, தொண்டைப்பக்கம் வழிந்து, எச்சிலோடு கலந்து முகவாயில் ஒழுகியது. கழுவுதொட்டிக் குழாய்க்குள் யாரோ வாய் கொப்பளிப்பதுபோல் ஒரு களகளப்பு. மாவு இறுகும்வரை நாக்கை அசைக்கக்கூடாது. அவள் அசைக்கவில்லை.

மாவுக்குள் ஏதோ அசைந்தது. பின் கடித்தது.

ட்ரேயைப் பிடுங்கினாள். சளக்கென்று ஒரு சத்தம். எச்சில் நூலாக நீண்டு அறுந்தது. கை வேலையில் இருந்தால் மனசு அடங்கும் என்று, அச்சில் பிளாஸ்டர் ஊற்றிக் காத்திருந்தாள். பிளாஸ்டர் இறுகும்போது சூடாவது வழக்கம்தான். ஆனால் இது உடம்புச் சூடு.

அச்சை உரித்தாள்.

அவள் பற்கள். அவற்றுக்குப் பின்னால் இன்னொரு வரிசை. அகலமானவை. முண்டியடித்து முன்னே வருபவை. அதில் ஒரு கோரைப்பல்லில் மெல்லிய கீறல். அவள் கைவேலை. கல்யாணத்துக்கு முன் உடைந்த பல்லோடு வந்த அவனுக்குச் செய்த பல்லில், அசல்போலத் தெரியட்டும் என்று ஊசிமுனையால் அவளே போட்ட கீறல். அந்தப் பல்லைக் காட்டித்தான் முதல்முதலாக அவளைப் பார்த்துச் சிரித்தான்.

நாக்கால் தடவிப் பார்த்தாள். இருந்தது. ஈரமாக.

போனை எடுத்து அக்காவை அழைத்தாள்.

"என்னடி?"

உடனே கிளம்பி வா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"அவரை வரச் சொல்லுக்கா. தப்பெல்லாம் என் மேலதான்," என்றது வாய். தேன் ஒழுக.

"பக்கத்துல யாருடி?" என்றாள் அக்கா.

உதடுகளை இறுக மூடினாள். போனைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். கழுவுதொட்டிக் கண்ணாடியில் தாடை அசையவில்லை. கன்னம் மட்டும் உள்ளிருந்து புடைத்தது. அடங்கியது. மறுபடி புடைத்தது. ரசித்துச் சாப்பிடுகிறவன் கன்னம்போல.

நிதானமாக மென்றது. பிறகு, விழுங்கும் சத்தம். அவள் விழுங்கவில்லை.

வரமாட்டேன். ஒரே வார்த்தை. சொல்லிப் பார்க்க நாக்கைத் தேடினாள்.

பாதிதான் இருந்தது.