தங்கள் குறை நேரில் தீர்த்து வைக்கப்படும்

முதல் சோதனை மெயில் ஒழுங்காகத்தான் வந்து சேர்ந்தது. இரண்டாவதின் அடியில் வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயர் இருந்தது.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். அனுப்பியவர் கேஷியர். கீழ்த்தளத்தில் தன் அறையில் உட்கார்ந்து, அவள் கேட்டுக்கொண்டபடி 'டெஸ்ட்' என்று ஒரே ஒரு சொல்லை அடித்து அனுப்பியிருந்தார். அந்தச் சொல்லுக்குக் கீழே அவருடைய பெயர், பதவி, போன் நம்பர் மூன்றும் தானாக வந்து ஒட்டிக்கொள்ள வேண்டும். அதற்கும் கீழே, 'இந்த மின்னஞ்சல் யாருக்கு அனுப்பப்பட்டதோ அவருக்கு மட்டுமே உரியது' என்று தொடங்கும், கம்பெனி வக்கீல் எழுதிக் கொடுத்த பொறுப்புத் துறப்பு வர வேண்டும். வக்கீலின் வரிகள் அச்சுப் பிசகாமல் இருந்தன. பெயர்தான் கேஷியருடையது இல்லை. அவள் கேள்விப்பட்டே இராத பெயர். அதன் கீழே 'குறைதீர் பிரிவு' என்று போட்டிருந்தது. அப்படி ஒரு பிரிவே அந்தக் கம்பெனியில் கிடையாது.

ஊழியர் பட்டியலைத் திறந்து தேடினாள். இல்லை. ஒரு எழுத்தை மாற்றித் தேடினாள். அப்போதும் இல்லை. பட்டியலில் இல்லாத பெயரை எங்கிருந்து எடுத்துப் போடுகிறது இந்த சனியன்?

ஒருத்தர் பெயரைச் சிவப்பில் போடுகிறார், ஒருத்தர் ரோஜாப்பூ படம் ஒட்டுகிறார், ஒருத்தர் பெயரே போடுவதில்லை என்று முதலாளிக்குக் கோபம் வந்து, திங்கட்கிழமை காலையிலிருந்து எல்லா மெயிலும் ஒரே மாதிரி போக வேண்டும் என்று சொல்லியிருந்தார். கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள் அவள் ஒருத்திதான். ஆபீஸ் மூடியிருக்கும் சனிக்கிழமையில் செய்தால் தொந்தரவு இருக்காது என்று வந்தாள். சரிபார்ப்பதற்காக, ஆபீஸிலிருந்தோ வீட்டிலிருந்தோ போனிலிருந்தோ கம்பெனி ஆட்கள் யார் எதை அனுப்பினாலும் ஒரு நகல் தன் போனுக்கும் வரும்படி வைத்திருந்தாள்.

ஆள் இல்லாத ஆபீஸுக்கு என்று ஒரு சத்தம் உண்டு. மழைக்கு முந்திய புழுக்கத்தில் ஜன்னல் கண்ணாடிகள் பழுப்பேறிக் கிடக்க, மூலையில் தண்ணீர் மெஷின் அவ்வப்போது தொண்டையைச் செருமிக்கொள்ள, வரிசையாகக் கிடந்த நாற்காலிகள் யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிற்க, நனைந்த அட்டைப்பெட்டி வாடை ஒன்று எங்கிருந்தோ வந்து மூக்கின் ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அவள் இரண்டு முறை எழுந்து போய்க் குப்பைக் கூடையைப் பார்த்தாள். கூடை காலியாக இருந்தது.

இன்டர்காமில் கேஷியரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, மெயில்ல யாரோட பேரு இது? ஏதாச்சும் கை வெச்சீங்களா?"

லைன் கரகரத்தது. பிறகு, "சொல்லுங்க மேடம். உங்க குறை என்ன?" என்றது கேஷியரின் குரல்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். லீவு நாளில் வரவழைத்ததற்குப் பழி வாங்குகிறார் மனுஷன். சரி, அவரை விடக்கூடாது என்று அந்த மெயிலுக்கே பதில் அடித்தாள்: 'குறைதீர் பிரிவுக்கு வணக்கம். சனிக்கிழமையும் வேலை. வீட்டில் என் குழந்தை எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள். இதுதான் என் குறை. தீர்த்து வையுங்கள்.'

அனுப்பிவிட்டுக் கையை எடுப்பதற்குள் பதில் வந்தது.

'தங்கள் குறை பதிவு செய்யப்பட்டது. நேரில் தீர்த்து வைக்கப்படும்.'

கீழே அதே பெண்ணின் பெயர்.

கேஷியர் இரண்டு விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி அடிப்பவர். 'டெஸ்ட்' அடிக்கவே அவருக்கு ஒரு யுகம் ஆகும். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாடை இப்போது கொஞ்சம் கூடியிருந்தது.

படியிறங்கிப் போனபோது கேஷியரின் அறையில் விளக்கு போடவில்லை. அவரைக் கூப்பிட வந்த கம்பெனி வேன் டிரைவர், குனிந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். "அண்ணே! அண்ணே, எந்திரிங்க!" கேஷியர் நெஞ்சை நிமிர்த்தி, பத்து விரலையும் கீபோர்டில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கண் திறந்துதான் இருந்தது.

அவள் விளக்கைப் போட்டாள். கேஷியர் திடுக்கிட்டு மூச்சை இழுத்துவிட்டார்.

"அடடா, கண்ணசந்துட்டேன் போல. என்ன தங்கச்சி, கெடச்சுதா டெஸ்ட்டு?" கையை உதறினார். "கை ரெண்டும் மரத்துப் போச்சு பாரு."

"அப்புறம் எனக்கு ஒரு பதில் போட்டீங்களே?"

"நானா? எப்போ?"

அவள் போனை நீட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

"இந்தப் பேரு உனக்கு எப்படித் தெரியும்? நீ வர்றதுக்கு முன்னாடியே செத்துப் போயிட்டாங்கம்மா. புகார் கடிதம் அத்தனைக்கும் அவங்கதான் பதில் எழுதுவாங்க. ஒண்ணைப் பாக்கி வெச்சுட்டு வீட்டுக்குப் போக மாட்டாங்க. ஒரு லீவு நாள்ல தனியா வந்து உக்காந்தவங்க, சீட்லயே..." நிறுத்திவிட்டார். "அதோட அந்தப் பிரிவையே மூடிட்டாங்க. விடு, சாயந்தர நேரத்துல இந்தப் பேச்சு வேணாம்."

"பழைய தகவல் எங்கயாச்சும் ஒட்டிக்கிட்டு இருக்கும்ணே," என்றாள். தனக்கே சொல்லிக்கொண்டது அது. மேலே போய், செய்ததையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டாள். கேஷியர் மறுபடியும் ஒரு 'டெஸ்ட்' அனுப்பினார். அவர் பெயர், அவர் பதவி, அவர் நம்பர். அப்பாடா என்று இருந்தது.

கேஷியர் விழித்ததிலிருந்து டிரைவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டதால் வேனிலேயே கொண்டுபோய் விடச் சொன்னார் கேஷியர். அவள் பின் சீட்டில் ஏறினாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். எப்போதும் கடைத்தெரு வருவதற்குள் தன் மாமியார் கதை, மச்சான் கதை, வண்டியின் கிளட்ச் கதை என்று மூன்றாவது கதைக்குப் போயிருப்பார். இன்று வைப்பர் மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, எதிரே வரும் விளக்குகள் கரைந்து ஒழுகி, மூடிய வண்டிக்குள் அந்த ஈர அட்டை வாடை, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து மூச்சுவிடுகிற மாதிரி, விட்டு விட்டு வந்தது.

போன் அதிர்ந்தது. வண்டி கிளம்பினால் டிரைவரின் பெயரில் தானாகப் போகும் பயண மெயிலின் நகல். 'வண்டி புறப்பட்டது.'

கீழே அந்தப் பெண்ணின் பெயர். குறைதீர் பிரிவு.

அவள் தலையைத் தூக்கவில்லை. டிரைவர் கேஷியரின் தோளைப் பிடித்து உலுக்கியது மட்டும் கண்முன் வந்து நின்றது. தொட்டார். அங்கிருந்து இங்கே.

"அண்ணே, இங்கயே நிறுத்துங்க. நான் நடந்து போயிக்கிறேன்."

வண்டி நிற்கவில்லை.

"அண்ணே!"

"நேர்ல வர்றோம்னு சொல்லியிருந்தோமே மேடம்," என்றார் டிரைவர். குரல் அவருடையதுதான். பணிவாக, பொறுமையாக, யாரிடமோ தினமும் சொல்லிப் பழகிய மாதிரி சொன்னார்.

கதவுப் பிடியை இழுத்தாள். பூட்டியிருந்தது. கணவனைப் போனில் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. டிரைவருக்கு அவள் வீடு தெரியாது. எப்போதும் முக்கில்தான் இறக்கிவிடுவார். இன்று வண்டி முக்கில் நிற்காமல் சந்துக்குள் திரும்பியது. மூன்றாவது வாசலைத் தாண்டியது. அவள் வாசலில் நின்றது.

குடையோடு கணவன் ஓடி வந்தான். அதே கம்பெனியின் குடோனில் வேலை பார்ப்பவன். டிரைவர் அவனுக்குப் பழக்கம். "என்னண்ணே, அதிசயமா வீடு வரைக்கும்!" என்று ஜன்னலுக்குள் கையை நீட்டினான்.

"தொடாதீங்க!"

மழையில் அவனுக்குக் கேட்கவில்லை. இரண்டு கைகளும் சேர்ந்து குலுங்கின.

டிரைவர் கண்ணைச் சிமிட்டினார். தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தார். "ஏம்மா, இது எந்தத் தெரு? நான் எப்படி இங்க வந்தேன்?"

அவள் இறங்கி, கணவனுக்கு முன்னால் வீட்டுக்குள் ஓடினாள். கூடத்தில் டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சோபாவில் நாலு வயது மகள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் மகளுக்கும் வாசலுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். கணவன் குடையை மடக்கி மூலையில் வைத்தான். அவளைப் பார்த்தான். சோபாவை நோக்கி நடந்தான்.

"கிட்ட வராதீங்க."

அவன் அவளைச் சுற்றிக்கொண்டு போனான். அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஈரத் துணி கையில் வழுக்கியது. அவன் குனிந்து மகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, பணிவாகத் தலையசைத்துவிட்டு, படுக்கையறைக்குள் போனான்.

அவள் பின்னால் பாய்வதற்குள் வெளியே வந்து கதவைச் சாத்தினான். கொட்டாவி விட்டான்.

"ஏய், எப்ப வந்தே? இப்படி நனைஞ்சிருக்கே?"

"ஒரு மெயில் அனுப்புங்க. ஆபீஸ் மெயில். எனக்கு. இப்பவே."

"வீட்லயும் டெஸ்ட்டா? உனக்கு முத்திப் போச்சுடி." சிரித்துக்கொண்டே போனை எடுத்துத் தட்டினான்.

வந்தது. 'பொண்டாட்டிக்கு வணக்கம்.' கீழே அவன் பெயர். அவன் பதவி. அவன் நம்பர். வக்கீலின் வரிகள்.

அவள் சுவரில் சாய்ந்தாள். அழுகை வந்தது. அவன் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தான். அவன் கை சூடாக, அவன் கையாகவே இருந்தது. அவளைத் தட்டிக்கொடுத்தபடி, "மெதுவா. பாப்பா தூங்குறா," என்றான்.

அப்போதுதான் கேட்டது.

மூடிய கதவுக்குப் பின்னால். சடசடவென்று. மழை என்று நினைத்தாள். மழை நின்றிருந்தது.

கணவனும் திரும்பிப் பார்த்தான். "லேப்டாப்பை மூடி வெச்சுட்டுத்தானே வந்தேன்?"

அவள் கதவைத் தள்ளினாள். ஈர அட்டை வாடை.

இருட்டு. திரை வெளிச்சம். மேஜை முன்னால், அப்பாவின் நாற்காலியில், முதுகை நிமிர்த்தி மகள் உட்கார்ந்திருந்தாள். 'அ' எழுத இன்னும் கையைப் பிடித்துவிட வேண்டிய பிள்ளை. தலை ஒரு பக்கமாகச் சரிந்து, வாயோரம் எச்சில் வழிந்து, கண்மூடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பத்துக் குட்டி விரல்களும் கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்தன. வேகமாக. ஒரு பிழையில்லாமல். ஒரு பதில் முடிந்து அடுத்த பதில். அடுத்த பதில். அடுத்த பதில்.