எல்லாப் படங்களிலும் ஒரே கை

சத்தியமாகச் சொல்கிறேன், கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய் சொல்லும் ஆசை எனக்கும் இருந்ததுதான். ஆனால் சொன்ன பொய்யை ஞாபகம் வைத்துக்கொள்ளும் தெம்பு போய்விட்டதால், இப்போதெல்லாம் உண்மையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் அவள் கண்ணில் பட்டது ஒரு சுண்டுவிரல்.

மத்தியான நேரம். மழை ஓய்ந்திருந்தது. பல்கலைக்கழக நூலகத்துக்குக் கீழே, தரைக்கு அடியில் இருந்த ஆவணக் காப்பகத்தில், கூரையை ஒட்டிய சின்ன ஜன்னல் வழியாக வெளிச்சம் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த அவள், முதல் துணைவேந்தரின் படத்தை ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கினாள். புகைப்படத்தின் மேல் சாயம் தீட்டிய பழைய காலத்துப் படம். மூக்குக் கண்ணாடி, கறுப்பு அங்கி, நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றிய கைகள். வலது சுண்டுவிரல் எப்போதோ ஒடிந்து, சரியாகக் கூடாமல், வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. பாவம், கதவிடுக்கில் மாட்டியிருப்பார் என்று நினைத்தாள். அடுத்தது நிலம் கொடுத்த வள்ளல். குண்டு முகம், முறுக்கு மீசை. அதே விரல். அதற்கடுத்தது கணிதத் துறையைத் தொடங்கியவர். ஒட்டிய கன்னம், நரைத்த தாடி. அதே விரல்.

விட ஆரம்பித்த கொட்டாவி பாதியில் நின்றது.

அவளுக்கு அலுப்பு புதிதல்ல. நூற்றாண்டு விழா வருகிறது, பல்கலைக்கழகத்தை உருவாக்கியவர்கள் அத்தனை பேரையும் துடைத்து, சட்டம் மாற்றி, பெரிய கூடத்தில் மாட்டிவிடு, மாற்றல் உத்தரவில் கையெழுத்துப் போடுகிறேன் என்று துணைப் பதிவாளர் சொல்லியிருந்தார். கணவனும் சின்ன மகளும் வேறு ஊரில். மகளுக்கு அம்மா என்றால் அலைபேசிக்குள் இருக்கும் ஒரு முகம் என்றாகிக்கொண்டிருந்தது. மாற்றல் கிடைத்தால் அந்த முகத்துக்கு ஒரு மடி முளைக்கும். அவள் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

"எப்பம்மா வருவே?" என்று அன்றைக்கும் மகள் கேட்டாள்.

"படமெல்லாம் மாட்டினதும் வந்துடுவேன்டா."

"அந்தத் தாத்தாங்களுக்குத் தானா ஏறி மாட்டிக்கத் தெரியாதா?"

"தெரியாது. ரொம்பப் படிச்சவங்க."

விரலைப் பற்றிக் கேட்டதும் துணைப் பதிவாளர் நாற்காலி குலுங்கச் சிரித்தார்.

"அதுவா? பெரிய மனுசங்களுக்கு உட்கார ஏதும்மா நேரம்? பாதிப் பேரு, படம் எடுக்கலாம்னு நாம நினைக்கிறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டாங்க. அதனால பியூனைக் கூப்பிட்டு, அங்கியை மாட்டி உட்கார வச்சிடுவாங்க. தலையை மட்டும் வேற போட்டோலேர்ந்து வெட்டி ஒட்டி, மேல சாயம் பூசிடறது. நம்ம சரித்திரமே ஒரே உடம்புல ஓடினதும்மா!"

"எல்லாத்துக்கும் ஒரே ஆளா சார்?"

"அங்கி அவருக்குத்தான் பொருந்துச்சாம். மணிக்கணக்கா அசைய மாட்டாராம். கடைசிப் படத்துக்கு உட்கார்ந்தவரு அப்படியே செத்துட்டாருன்னு சொல்லுவாங்க. இருக்கிறதுலயே அதுதான் தெளிவா வந்த படம்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அவரோட படம் ஏதாவது இருக்கா?"

"அவரை எதுக்கும்மா படம் எடுக்கணும்?" என்றார் அவர், உண்மையாகவே புரியாமல்.

காரணம் தெரிந்ததும் பயம் போய்விட வேண்டும். போகவில்லை. மறுநாள் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த படங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அவள் பஞ்சால் சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம். நாளெல்லாம் உழைத்தவர் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொரு விரலாக இழுத்து நெட்டி முறிப்பாரே, அந்தச் சத்தம். ஒன்று. சற்றுப் பொறுத்து இன்னொன்று. பழைய மரம் ஈரத்தில் உப்பினால் இப்படித்தான் சத்தம் போடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். அந்துருண்டை வாசனையும் பழஞ்சாய வாசனையும் எப்போதும் உள்ளவைதான். அவற்றுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. அழுத்தித் தோய்த்தும் போகாத, கழுத்துப்பட்டையில் நின்றுவிட்ட வியர்வை நெடி.

திரும்பிப் பார்த்தாள். துணைவேந்தர், வள்ளல், கணிதக்காரர், வரிசையாக. முகங்கள் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தன. கைப்பிடியை இறுகப் பற்றியிருந்த கைகள் மட்டும் தளர்ந்து, மடியில், உள்ளங்கை மேலே தெரியக் கிடந்தன. எல்லாப் படங்களிலும்.

திரையில் நேற்றைய ஸ்கேனைத் திறந்தாள். கைப்பிடியில் ஊன்றிய கைகள்.

மறுபடி சுவரைப் பார்த்தாள். மடியில்.

அன்றைக்குச் சீக்கிரம் கிளம்பிவிட்டாள். துணைப் பதிவாளரிடம் தலைவலி என்றாள். வேறென்ன சொல்வது? தலைவர்களுக்குக் கை வலிக்கிறது என்றா?

கூடத்தில் எல்லாம் மாட்டியான பிறகு ஓர் இடம் காலியாக நின்றது.

"பெண்கள் விடுதியைத் தொடங்கின அம்மா," என்றார் துணைப் பதிவாளர். "அடையாள அட்டை அளவுக்கு ஒரு முகம்தான் கிடைச்சிருக்கு. உடம்பு இல்ல."

"கம்ப்யூட்டர்ல செஞ்சிடலாமே சார்."

"மத்ததோட ஒட்டாதும்மா, பார்த்தாலே தெரிஞ்சிடும். அதே நாற்காலி, அதே அங்கி, ரெண்டும் பத்திரமா இருக்கு. போட்டோக்காரரை வரச் சொல்லிட்டேன். நீ கொஞ்சம் உட்காரு."

"நானா?"

"வேற யாரு இருக்கா? காலையிலேர்ந்து உட்கார்ந்துதானே இருக்கே, இங்க வந்து உட்காரு. எழுந்திரிச்சதும் உத்தரவை வாங்கிட்டுப் பஸ் ஏறு."

அவள் மகளை நினைத்தாள். தலையாட்டினாள்.

அங்கி பெட்டிக்குள் இருந்து வந்தது. எத்தனையோ காலம் மடித்துக் கிடந்த துணி சில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ கழற்றிக் கொடுத்த மாதிரி. போட்டோக்காரர் விளக்கைத் திருப்பினார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து அங்கியின் அகலமான கைகளுக்குள் தன் கைகளை நுழைத்தாள். உள்ளே துணி நீண்டுகொண்டே போனது. முழங்கை தாண்டியும் விரல்கள் வெளியே வரவில்லை. இருட்டு மட்டும்தான்.

விரல் எதிலோ பட்டது.

துணி இல்லை. எலும்பு மாதிரி. சூடு.

அவளுடைய விரல்களை அது பிடித்துக்கொண்டது. முரட்டுத்தனமாக இல்லை. தூக்கிவந்த சுமையை எதிரே வருபவரிடம் மாற்றிக் கொடுப்பவர், சரியாகப் பிடித்துக்கொண்டாரா என்று ஒரு நொடி நின்று பார்ப்பாரே, அப்படி. இரண்டு பக்கமும்.

"அக்கா, கையை நாற்காலி மேல வைங்க."

கை உள்ளேதான் இருக்கிறது. இன்னும் உள்ளேதான்.

"ஆங்! அதேதான். அருமை. அப்படியே இருங்க."

குனிந்து பார்க்கக் கூடாது.

குனிந்தாள். கைப்பிடியில் இரண்டு கைகள். நரம்போடிய கைகள். ஊன்றியபடி.

"நேராப் பாருங்கக்கா."

நெட்டி முறியும் சத்தம். ஒரு விரல். அடுத்தது. அடுத்தது. அவளுக்கு வலிக்கவில்லை.

விளக்கு மின்னியது.

அங்கியை உருவி எறிந்துவிட்டு எழுந்தபோது அவளுடைய கைகள் அவளிடம்தான் இருந்தன. மருதாணி நிறம் போகாத நகங்கள், பழைய தீக்காயத் தழும்பு, எல்லாம் சரி. ஆனால் உத்தரவை வாங்கும்போது காகிதம் விரலில் படுகிறதா என்று தெரியவில்லை. பஸ்ஸில் மடியில் வைத்தாள். வைத்தபடியே இருந்தன. ஊர் வரும்வரை அவை தூங்கின என்றுதான் சொல்ல வேண்டும். அப்படி ஒரு அசதி அவற்றுக்கு.

வீட்டில் மகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

"இனிமே போக மாட்டியே?"

"மாட்டேன்டா கண்ணு."

மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். எத்தனையோ ராத்திரிகள் நினைத்துக் கிடந்த கனம். குழந்தையின் தோள்களில் கைகள் போய் அமர்ந்தன. அவள் வைக்கவில்லை. அவையே போயின. நன்றாக, அழுத்தமாக, நெடுநேரம் இருக்கப்போகிறவர் அமர்வது போல.

"அட, அப்படியே இருங்க!" என்று கணவன் சிரித்துக்கொண்டே அலைபேசியை எடுத்தான். "ரெண்டு பேரையும் ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்."

குழந்தை சிரிப்பை நிறுத்தினாள். முதுகு நிமிர்ந்தது. மோவாய் சற்றே உயர்ந்தது. பார்வை எங்கோ தூரத்தில் போய் நின்றது.

"இங்க பாருடா," என்றான் கணவன். "எடுத்தாச்சுடா, இறங்கு."

கையை எடுக்க அவள் முழு பலத்தையும் கூட்டினாள். கைகள் அசையவில்லை. மகள் இமைக்கவில்லை. கணவன் மறுபடி பெயர் சொல்லிக் கூப்பிட்டான். மகளுடைய மார்பு ஏறி இறங்குகிறதா என்று மேலிருந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு அந்தக் கூடத்துக்கு நான் போயிருக்கிறேன். அங்கே மாட்டியிருக்கும் படங்கள் அத்தனையும் இப்போது கழுத்தளவுதான். ஒன்றில்கூடக் கை கிடையாது.