இடது முன் சக்கரம்

ஜாக்கியில் ஏற்றி நிறுத்திய வண்டியின் இடது முன் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டான். மூன்று சுற்றாவது ஓட வேண்டியது அரைச் சுற்றிலேயே, யாரோ உள்ளங்கையை வைத்துத் தடுத்ததுபோல, சத்தமில்லாமல் நின்றது. உரசியிருந்தால் கிரீச்சிட்டிருக்கும். பேரிங் போயிருந்தால் முனகியிருக்கும். இது வெறுமனே நின்றது. பிற்பகல் வெயில் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. அந்த வெக்கைக்கும் மேலாக, கருகிய பிரேக் பேடின் வாடை பட்டறை முழுக்க இருந்தது, வண்டி ஓடி ஒரு வருடமாகியும், இப்போதுதான் மலை இறங்கி வந்ததுபோல.

பிரேக் குழாயில் ஏர் எடுக்கிற திருகை இளக்கினான். ஆயில் பீறிட்டது; சக்கரம் விடுபட்டது. பெடலை யாரும் மிதிக்காதபோது குழாய்க்குள் அழுத்தம் இருக்கக் கூடாது. இருந்தது. மூன்று நாளாக இதே கதை. ஹோஸை மாற்றினான், பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரை மாற்றினான், மாஸ்டர் சிலிண்டரையே புதிதாகப் போட்டான். ஒரு தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் மறுபடி இறுகிக் கிடக்கும்.

அது தம்பியின் வண்டி. இருவரும் சேர்ந்து நடத்திய இந்தப் பட்டறையில்தான் போன வருடம் அந்தப் பழைய காரின் டிரம் பிரேக்கைக் கழற்றி டிஸ்க் போட்டார்கள். பெடலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள புஷ் ராடில் நூலளவு இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் போன ஆயில் திரும்பாது. ஓட ஓடச் சூடேறி, பிரேக் தானே இறுகும். அந்த இடைவெளியை விடாமல் முடுக்கியவன் அண்ணனான அவன். கால் வைத்ததும் பெடல் கல்லுமாதிரி நிற்க வேண்டும் என்பது அவனுடைய தொழில் பெருமை. டிரம்மில் அந்தப் பெருமை செல்லுபடியானது. டிஸ்க் மன்னிக்கவில்லை. வெள்ளோட்டம் போன தம்பியின் வண்டி இறக்கத்தில் தானாகப் பிடித்துக்கொண்டு நின்றது. பின்னால் லாரி வந்தது.

'அவசரக்குடுக்கை, அவனே டைட் வெச்சிட்டான்' என்று விசாரிக்க வந்தவரிடம் சொன்னான். பிறகு எல்லாரிடமும். சொல்லச் சொல்ல நாக்குக்குப் பழகிவிட்டது.

இப்போது ஓட்டும் இருக்கையில் தம்பி மனைவி உட்கார்ந்திருந்தாள். வண்டி ஓட வேண்டும் என்று கேட்டவள் அவள்தான். இந்த முறை புஷ் ராடில் இடைவெளி விட்டுத்தான் பூட்டியிருந்தான். ஏர் எடுக்க ஒருவர் மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே திருகைத் திறக்க வேண்டும்.

"அமுக்கும்மா."

"அமுக்கிட்டேன்."

"அப்படியே பிடி... ம், விடு."

"முப்பது வருஷ அனுபவம்னு போர்டுல எழுதியிருக்கு அத்தான். ஒரு சக்கரம் உங்க பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

"பழைய வண்டி. முரண்டு பிடிக்கும்."

அவள் ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்தாள். பிறகு, "பாப்பா நேத்து கேட்டா, அப்பாவுக்கு வேலை தெரியாதாமே, அதனாலதான் செத்தாராமேன்னு. ஸ்கூல்ல யாரோ சொல்லியிருக்காங்க."

"சின்னப் பிள்ளைங்க பேச்சு."

"உங்க பேச்சு அத்தான் அது. அன்னிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி எனக்கு ஃபோன் பண்ணினார். ராடை அண்ணன் முடுக்கிட்டார், வேணாம்னேன், கேக்கலைன்னார். நீங்க வந்து அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்."

"ராடைப் பத்தி உனக்கென்ன தெரியும்? கீழ இறங்கு. பேடைக் கழட்டப் போறேன், யாரும் மிதிக்கக் கூடாது."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வண்டிக்கு அடியில் பார்த்தான். மறுபக்கம் அவளுடைய இரண்டு கால்கள், செருப்போடு, அசையாமல் நின்றன.

சக்கரத்தைக் கழற்றினான். பேடுகளை உருவினான். பேடைத் தள்ளும் பிஸ்டன் உள்ளே போகிறதா என்று பார்க்க, அதற்கும் டிஸ்குக்கும் நடுவில் வலது கையின் இரண்டு விரல்களை நுழைத்து அழுத்தினான். பிஸ்டன் வழுவழுவென்று, இதமாக, உள்ளே போனது. பழுதே இல்லாததுபோல.

அப்போது இருக்கையின் ஸ்பிரிங் முனகியது.

ஜாக்கியின் மேல் வண்டி சற்றே தாழ்ந்தது. ஆள் ஏறி உட்காரும் அளவுக்கு. பெடல் இறங்கும் சத்தம். நிதானமாக.

பிஸ்டன் விரல்களைத் தொட்டது. சூடாக இருந்தது.

"யாரும்மா மிதிக்கிறது?"

"நான் இங்கதானே நிக்கிறேன் அத்தான்."

கால்கள் அங்கேயே இருந்தன. இரண்டும்.

இழுத்தான். வரவில்லை. இடது கையால் ஸ்பானரைத் தேடி எடுத்துத் திருகைத் திறந்தான். ஆயில் கொட்டித் தீர்ந்தது. சொட்டு நின்றது. இறுக்கம் குறையவில்லை. நகத்தின் நிறம் மாறியது. வெள்ளை. பிறகு கருநீலம்.

"நான்தான்டா," என்றான், இருக்கையின் பக்கம் பார்த்து. "விட்டுடு. நான்தான் முடுக்கினேன்."

"கேக்கலை அத்தான்."

"நான்தான் ராடை முடுக்கினேன். அவன் வேணாம்னான். பாப்பாகிட்ட வந்து சொல்றேன், எல்லார்கிட்டயும் சொல்றேன். விடச் சொல்லும்மா."

கால்கள் நகர்ந்தன. வண்டியைச் சுற்றி வந்தன. அவசரமில்லை. அவன் முதுகை உரசிக்கொண்டு அவள் கடந்தாள். அவன் தலைக்குப் பக்கத்தில் கதவைத் திறந்தாள்.

"சொல்லிட்டார்ங்க," என்றாள் உள்ளே பார்த்து. ஒரு வருடமாக அந்தக் குரலில் இல்லாத குழைவு. "கேட்டீங்களா?"

அவள் 'விடுங்க' என்பாள் என்று காத்திருந்தான்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். வண்டி இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

முதல் எலும்பு ஒடிந்தது. சுள்ளி மாதிரி. அவன் கத்தினானா என்று அவனுக்கே தெரியவில்லை. தலையைத் தூக்கினான். கொதிக்கும் வெயிலில், முன் கண்ணாடியின் உள்பக்கம் மூச்சு படிந்துகொண்டிருந்தது.

இரண்டு இடத்தில்.