சுவரில் ஒரு டிக்சன் குறைவு

"என்ர படத்தை ஏன் கழட்டுறியள்?"

கேட்டவள் நிரோஷினி டிக்சன். ஒன்ராறியோ ஏரியை நீந்திக் கடந்தவள். ஸ்காபரோ நூலகத்துக்குள் மழை சொட்டச் சொட்ட நின்றாள். சுவர் நிறைய டிக்சன்கள்... விஞ்ஞானி ஒருவர், நடிகை ஒருத்தி, பந்து வீசிப் பேரெடுத்த கிழவர் ஒருவர்... டிக்சன் என்ற குடும்பப்பெயரோடு புகழ் பெற்றவர்களின் கண்காட்சி அது.

ஏணியில் நின்றவன் திரும்பினான். அந்தக் கண்கள்... சீ, இந்த நேரத்தில் கண்ணையா பார்க்கிறாய் என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

"மன்னிக்கோணும். நான் றோய் டிக்சன், இதை ஒழுங்கு செய்யிறன். இப்பதான் நீங்கள் நிரப்பித் தந்த போர்மை வடிவாப் பாத்தனான். டிக்சன் உங்கட குடும்பப்பேர் இல்லையே... அப்பாவின்ர பேரெல்லோ?"

"எங்கட ஆக்களுக்கு அதுதானே வழக்கம்! கனடாவில கடைசிப் பேர் கேட்டாங்கள், அப்பான்ர பேரைக் குடுத்தம்."

"எங்களுக்கு அஞ்சு தலைமுறையாய்..."

"ஆரிட்ட வாங்கினவை?"

"மிஷன்ல... ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரிட்ட."

"நான் என்ர அப்பாவிட்ட வாங்கினன். நான் நீந்தி முடிக்குமட்டும் பக்கத்தில படகில இருந்து, 'மகள், கையை நிப்பாட்டாதை' எண்டு தொண்டை கிழியக் கத்தின மனுசனிட்ட! உங்கட பேரிலும் பாக்க என்ர பேர் எதில குறைஞ்சது?"

அவன் கையிலிருந்த படத்தைப் பறித்துக்கொண்டு மழைக்குள் இறங்கிவிட்டாள். நல்லாய்க் குடுத்தாள் பிள்ளை!

ஆனால் பாருங்கோ, வீட்டுக்குப் போயும் அந்தக் கண்கள் விடவில்லை... மூன்று தரம் போன் அடித்தான். எடுக்கவில்லை. வீம்பு!

நாலாம் நாள் மில்லிக்கனில் அவள் வீட்டு மணி அடித்தது. வாசலில் றோய், தலையெல்லாம் மழை. பிறம்ரனுக்கு வேலைக்கு வெளிக்கிட்ட அப்பாவின் முன்னால் நின்றான்.

"அங்கிள், உங்கட மகளின்ர படம் வேணும். உங்கட படமும் வேணும். ரெண்டையும் சேத்து மாட்டி, இந்தக் குடும்பத்துக்கு முதல் டிக்சன் நீங்கள் எண்டு எழுதப்போறன். எங்கட வீட்டில ஏசினவை... ஏசட்டும்."

அப்பா சிரித்தபடி படம் தேட உள்ளே போனார்.

"பாவம் பாத்து மாட்டுறதெண்டா வேண்டாம்," என்றாள் நிரோஷினி.

"பாவமோ? நாலு நாளாய் நித்திரை இல்லாமல் நிக்கிறது நான்... என்னைத்தான் நீங்கள் பாவம் பாக்கோணும்." நெற்றி மழைநீரைத் துடைத்தான். "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. கலியாணம் எண்டு வந்தாலும்... நீங்கள் பேர் மாத்தத் தேவையில்லை."

அவள் கன்னம் சிவந்தது... தலை மட்டும் குனியவில்லை.

"எனக்கும் பிடிச்சிருக்கு. ஆனா ஒண்டு, றோய். அப்பவும் அது என்ர அப்பாவின்ர பேர்தான்."

"ஓம்," என்றான் அவன்.