இரண்டாவது விரல்

படித்தவனை நம்புகிற ஆள் நான் இல்லை. அதிலும் ராணுவத்துக்கு ரகசியம் காக்கிறேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்த என் அக்கா மகன் மணிமாறனைத் துளியும் நம்பினதில்லை. கல்யாண வீட்டில்கூட தன்னைப் போட்டோ எடுக்கக் கூடாது என்று அலட்டுவான்.

ஒரு சித்திரை மத்தியானம் எங்கள் நிலக்கரி மைன்ஸ் குவார்ட்டர்ஸுக்கு இரும்புப் பெட்டியோடு வந்தான். வந்ததும் ஜன்னலைச் சாத்தினான். கரித்தூளுக்குப் பயந்து நாங்களும் சாத்துகிறதுதான். இவன் இடுக்கிலெல்லாம் துணி வைத்து அடைத்தான். பட்டப்பகலில் ரூம் இருண்டு போனது.

"என்னடா, பொணமா கொண்டாந்திருக்க?"

"ஆபீஸ் மெஷின் மாமா. வெளிய சொல்லாதீங்க."

"வூட்டுக்கு எடுத்துகினு வரலாமா?"

"வரக் கூடாது."

திருட்டுப் பயல். உள்ளே ஒரு கம்ப்யூட்டரும் விரல் வைக்கிற ரெண்டு கண்ணாடிச் சில்லும். பட்டாளத்து ஆபீசர்கள் பேசிக்கொள்கிற நெட்வொர்க்குக்கு அதுதான் பூட்டாம். ஒருத்தனால் மட்டும் திறக்க முடியாது, ரெண்டு பேர் விரல் வைக்கணும். கூட வேலை பார்த்த சங்கீதா போன வருஷம் விபத்தில் செத்துப் போனாள். புது ஆள் வந்தால் பெருமை அவனுக்குப் போய்விடும் என்று, இந்த யோக்கியன் அவள் பேரை எடுத்தாச்சு, இனி தன் விரல் ஒன்றே போதும் என்று மேலே பொய் சொல்லிவிட்டான். பிணவறையில் அழுவது மாதிரி நடித்து அவள் கையைப் பிடித்து, விரலை மெழுகில் அழுத்தி அச்செடுத்தான். அதில் ரப்பர் விரல் செய்து ஒரு வருஷம் ஓட்டியிருக்கிறான்.

"நாளைக்கு சோதனை வர்றாங்க மாமா. அவ பேரை இன்னிக்கே அழிக்கலன்னா எனக்கு ஜெயில்."

"அழிச்சித் தொலை."

"அதுக்கும் ரெண்டு விரல் வேணும்."

ரப்பர் விரலை எடுத்து மேஜையில் வைத்தான். தன் விரலை ஒரு சில்லில் வைத்தான். பச்சை விளக்கு எரிந்தது.

வெளியே ஷிப்ட் சங்கு ஊதி அடங்கியது.

அடுத்த சில்லிலும் பச்சை எரிந்தது.

ரப்பர் விரல் மேஜையிலேயே கிடந்தது.

பினாயில் வாடை அடித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை.

"கைய எடுறா."

"வரல மாமா." ஆளில்லாத அடுத்த சில்லைப் பார்த்துப் பேசினான். "சங்கீதா... தெரியாம பண்ணிட்டேன்."

"தெரிஞ்சிதானடா பண்ண?" பயத்திலும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

திரையில் ஒரு பேர் எழுத்தெழுத்தாக அழிந்தது.

"என் பேரு மாமா," என்றான்.

அவன் கையைப் பிடித்து இழுத்தேன். அவன் விரலோடு வேறு விரலும் என் உள்ளங்கையில் பட்டது. ஐஸ் மாதிரி.

கை வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தால் ரேகையே இல்லை. எல்லா விரலும் முட்டை ஓடு மாதிரி வழவழ.

மறுநாள் ஆட்கள் வந்து பெட்டியையும் அவனையும் கொண்டு போனார்கள். இவன்தான் மணிமாறன் என்று ஒரு மெஷினும் ஒத்துக்கொள்ளவில்லையாம். ரகசியம் காத்த லட்சணம்.

போன வாரம் ரேஷன் கடைக்குப் போனேன். மைன்ஸில் தேய்ந்த விரல் என்னுது. மெஷின் ஏற்காது, கண்ணைத்தான் காட்டச் சொல்வார்கள். அன்றைக்கு வைத்ததும் எடுத்துவிட்டது.

பில் போடுகிற சரிதா மெஷினை உற்றுப் பார்த்தாள்.

"தாத்தா, உங்க வூட்ல சங்கீதா யாரு?"